வெளிச்சுவரை யார் பார்ப்பது?

பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பதைப் பண்டிகை அலங்காரமாகவே நினைத்துப் பழகிவிட்டோம். வீட்டின் ஆயுளைக் காத்த பராமரிப்பு முறை அது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. மழை ஓய்ந்த கையோடு தை பிறக்கும். எங்கே ஓதம் ஏறியிருக்கிறது, எங்கே பூச்சு உப்பியிருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் பளிச்சென்று தெரியும். சுண்ணாம்பு வாளியோடு ஏணியில் ஏறியவர் சுவரை முழம் முழமாகப் பார்த்தார். அவர் அடித்த சுண்ணாம்பு மயிரிழை விரிசல்களுக்குள் இறங்கி, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து இறுகி, அவற்றை அடைத்தது. இன்று எமல்ஷன் பெயிண்ட் சில ஆண்டுகள் தாங்குகிறது. சுண்ணாம்பு போனதுகூடப் பெரிய நட்டமில்லை. ஆண்டுக்கொருமுறை சுவரைப் பார்க்கும் பழக்கம் போனதுதான் நட்டம்.

கான்கிரீட் வீட்டில் இந்த அலட்சியத்துக்கு விலை அதிகம். கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளிருக்கும் கம்பிக்குக் காவல். விரிசல் வழியே நீரும் கரியமில வாயுவும் நுழைய நுழைய அந்தக் காரம் குறைகிறது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று கொண்டுவரும் குளோரைடு, காரம் குறையாத நிலையிலும் கம்பியைத் தாக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடம் கேட்கும். அந்த நெருக்கலில் கான்கிரீட் பிளக்கிறது. சன்ஷேடின் அடிப்புறம் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது. கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456:2000, பாதிப்புக் குறைந்த சூழலில் கம்பிக்கு மேல் 20 மி.மீ. கான்கிரீட் கேட்கிறது, கடலோரச் சூழலில் 45 மி.மீ. கேட்கிறது. மெல்லிய சன்ஷேடுகளில் அந்தக் கனம் கிடைப்பது அரிது. அங்கே பூச்சும் பெயிண்டும்தான் கம்பியின் குடை.

நல்ல வாட்டர்புரூஃப் பெயிண்ட் அடித்தால் போதாதா என்று கேட்கலாம். உறுதியான பூச்சின் மேல் அது நன்றாகவே வேலை செய்யும். பூச்சு சுவரைவிட்டுக் கழன்றிருந்தால், பட்டியும் பெயிண்டும் சேர்ந்து காயத்தை மூடி மறைக்கும். மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரிலிருந்தோ குழாய் இணைப்பிலிருந்தோ இறங்கும் நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். கட்டையால் தட்டிப் பார்த்து, பொள்ளல் ஓசை கேட்கும் இடத்தைக் கொத்திப் பூசிய பிறகே பெயிண்டுக்கு வரவேண்டும். செலவு என்ற தடை நியாயமானது. கடன் வாங்கிக் கட்டியவருக்குச் சாரம் கட்டும் கூலியே பாரம். ஆனால், ஒரு விரிசலை நிரப்புவது கொத்தனாருக்குச் சில மணி நேர வேலை. சுவரிடுக்கில் முளைத்த அரசங்கன்றை இளசாக இருக்கும்போதே வேரோடு பிடுங்க அதுகூடத் தேவையில்லை. துருவேறிய கம்பியை மாற்றுவதென்றால் முட்டுக்கொடுத்து, உடைத்து, மறுபடி கான்கிரீட் போடவேண்டும். கையில் பணம் குறைவாக இருப்பவருக்குத்தான் முதலிலேயே பார்ப்பது மிகவும் அவசியம்.

அடுக்குமாடிகளில் வெளிச்சுவர் எல்லோருக்கும் பொது என்பதாலேயே யாருடையதும் இல்லாமல் போகிறது. வாடகை வீட்டில் குடியிருப்பவர் நமக்கென்ன என்று இருக்கிறார். உரிமையாளர் கண்ணில் அது படுவதேயில்லை. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் அரசுக் குடியிருப்பின் 24 வீடுகள் இடிந்து விழுந்தன. விரிசலைக் கண்டு குடியிருந்தவர்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. கடைசி நேரத்தில் பார்த்ததே உயிரைக் காத்ததென்றால், காலத்தோடு பார்ப்பது வீட்டையும் காக்கும். குடியிருப்போர் சங்கங்கள் மின்தூக்கிக்கும் மோட்டாருக்கும் ஒதுக்குவதுபோல வெளிச்சுவருக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கட்டும். வாடகைதாரர் கண்டதை உரிமையாளருக்குச் சொல்லட்டும். தையில் வீட்டைச் சுற்றி வந்து விரிசல்களைக் குறித்துவைப்போம். சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும் பங்குனி, சித்திரையில் வேலையை முடிப்போம். ஐப்பசி மழை வரும்போது சுவர் தயாராக இருக்கும்.