பேராசை என்று சொல்லிக் கைகழுவ வேண்டாம்

"பேராசைப்பட்டவன் ஏமாந்தால் போலீஸ் என்ன செய்யும்?" என்ற வாதத்தை இனியும் பொறுக்க முடியாது. போலீஸ் போலப் பேசும் மோசடிக்காரர்களால் 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டப்பட்டு, ஓய்வூதியச் சேமிப்பை அனுப்பிவிடும் முதியவரிடம் ஏது பேராசை? அவரிடம் இருந்தது காவல்துறை மீதான பயம்.

பணம் போன முதல் சில மணி நேரம்தான் முக்கியம். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்தால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க ஏற்பாடு இருக்கிறது. அதன் பிறகுதான் காவல் நிலையத்தில் இழுத்தடிப்பு. "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமே இல்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு, குற்றம் எங்கே நடந்தாலும் புகாரைப் பதியச் சொல்கிறது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 78-ஆவது பிரிவோ, அச்சட்டத்தின் கீழ் வரும் வழக்கை இன்ஸ்பெக்டருக்குக் கீழே யாரும் விசாரிக்கக் கூடாது என்கிறது. பந்தோபஸ்துக்கும் நீதிமன்றத்துக்கும் ஓடுகிற ஒருவர் எத்தனை கோப்பைத்தான் பார்ப்பார்? பயிற்சி பெற்ற எஸ்.ஐ.க்களுக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுங்கள்.

வங்கிகளையும் விடக் கூடாது. கமிஷனுக்கு வாடகைக்கு விடப்படும் கணக்குகள் இல்லாமல் இந்த மோசடி ஒரு நாள்கூட ஓடாது. பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல், வாடிக்கையாளரின் பெரும் அலட்சியம் நிரூபிக்கப்பட்டாலொழிய, ஏமாந்து அனுப்பிய பணத்தை 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் அதில் பாதிப் பாதி. இங்கும் அப்படியொரு விதி வரட்டும்; யாருக்குக் கணக்கு திறக்கிறோம் என்று ஒவ்வொரு கிளை மேலாளரும் விசாரிக்கத் தொடங்குவார்.