எடை குறைகிறது, உடலில் எது குறைகிறது?



நிகாஹ் நாள் குறிக்கப்பட்டதும், மணமகள் சற்றுப் பருமனாக இருந்தால், "இரண்டு மாதத்திற்குள் இளைத்துவிடு" என்னும் பேச்சு நம் வீடுகளில் எழுகிறது. பருமன் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் வாசலாக இருப்பதால் எடையைக் குறைப்பது நன்றே. ஆனால் உணவைப் பாதிக்கும் கீழே சுருக்கி, தாயாருக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த தைராய்டு மாத்திரையை மகளும் விழுங்குவதை நாம் ஏற்க இயலாது.

உணவு நின்றால் கல்லீரலிலுள்ள சர்க்கரைச் சேமிப்பு ஏறத்தாழ ஒரு நாளில் தீர்ந்துவிடும். மூளைக்கோ சர்க்கரை வேண்டும். எனவே தசையிலுள்ள புரதத்தைக் கரைத்து உடல் அதனை ஆக்கிக்கொள்கிறது. இது நீடித்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே சில நாள்களில் உடல் சிக்கனத்தைக் கைக்கொள்கிறது. டி3 எனப்படும் தைராய்டு ஹார்மோன் இரத்தத்தில் குறைகிறது; உடலின் எரிப்பு வேகம் தணிகிறது. கொழுப்பிலிருந்து உண்டாகும் கீட்டோன்களை மூளை ஏற்கப் பழகுகிறது. தசை காக்கப்படுகிறது. படைத்தவன் நம்முள் அமைத்த காவல் இது.

வெளியிலிருந்து தைராய்டு ஹார்மோனைச் செலுத்துவது அந்தக் காவலை அகற்றுவதற்கு ஒப்பாகும். பட்டினி இருந்தவர்களுக்கு டி3 கொடுத்து ஆராய்ந்தபோது, சிறுநீர் வழியே வெளியேறும் நைட்ரஜன் கூடியது. புரதம் கரைவதன் அடையாளம் அதுவே. எடைக்கருவியின் முள் இறங்குவதைக் கண்டு நாம் மகிழ்கிறோம். இறங்கியது கொழுப்பா தசையா என்பதை அக்கருவி சொல்வதில்லை. இதயமும் ஒரு தசைதான் என்பதை மறந்துவிடலாகாது. படபடப்பும் இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையும் எலும்புத் தேய்வும் இதனால் நேரக்கூடும். எடைக் குறைப்புக்கு இம்மருந்தைப் பயன்படுத்தக் கூடாது என்னும் எச்சரிக்கை அமெரிக்காவில் அதன் குறிப்பிலேயே கட்டமிட்டு அச்சிடப்படுகிறது.

ஹார்மோன் மோகம் புதிதன்று. 1954-இல் சிமியோன்ஸ் என்னும் மருத்துவர், கருவுற்ற பெண்களின் சிறுநீரிலிருந்து எடுக்கப்படும் எச்.சி.ஜி. ஹார்மோன் ஊசியோடு நாளொன்றுக்கு 500 கலோரி உணவு என்னும் முறையைப் பரப்பினார். பின்னர் ஒரு சாராருக்கு அவ்வூசியும் மறுசாராருக்கு வெறும் உப்புநீர் ஊசியும் போட்டுப் பார்த்த ஆய்வுகளில், இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவே இளைத்தனர். இளைக்கச் செய்தது ஊசியன்று, அரைப்பட்டினியே.

தைராய்டு குறைபாடு உறுதி செய்யப்பட்டவர்களின் நிலை வேறு. மருத்துவர் குறித்த அளவில் அவர்கள் மாத்திரையைத் தொடர வேண்டும், தாமாக நிறுத்தலாகாது. ஏனையோர் நெய்ச்சோற்றையும் இனிப்பையும் குறைத்துக்கொள்ளட்டும். மீன், முட்டை, பருப்பு, சுண்டல் ஆகியவற்றைக் குறைக்க வேண்டாம். இளைக்கும் காலத்தில் தசையைக் காப்பவை போதிய புரதமும் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியுமே. இவ்வழி மெதுவானது, ஆனால் நிலைக்கக்கூடியது.

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். தன்னைத் தானே அழிவில் தள்ளுவதை மார்க்கம் தடுத்திருக்கிறது; அவ்வாறிருக்க, பிள்ளையை அதன்பால் தள்ளும் உரிமை பெற்றோருக்கோ சம்பந்தி வீட்டாருக்கோ ஏது? மணமேடையின் ஒரு நாள் தோற்றத்திற்காக, நாளை பிள்ளை பெற்று வளர்க்க வேண்டிய உடலின் வலிமையைக் கரைக்க வேண்டுமா என்பதைக் குடும்பத்துப் பெரியவர்கள் முதலில் சிந்திக்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் மக்களுக்கு ஆஃபியத்தையும், நமக்கு நிதானத்தையும் அருள்வானாக. ஆமீன்.