பாதியில் விலகுபவரின் ஓய்வூதியப் பணம்

ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்தில் தமிழக எல்லையோரம் அமைந்த பிச்சாட்டூருக்கு ஸ்ரீசிட்டி தொழில் நகரமும் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையும் எட்டும் தொலைவிலேயே இருப்பதால், அவ்வட்டாரத்து இளைஞர்களுக்கு ஆலை வேலை கிடைப்பதைவிட அதில் பத்தாண்டுகள் நிலைப்பதே கடினம். 1995 நவம்பர் 16 முதல் நடைமுறையில் உள்ள தொழிலாளர் ஓய்வூதியத் திட்டமோ அந்தப் பத்தாண்டுப் பணியையே மாத ஓய்வூதியத்துக்கான தகுதியாக வைத்திருக்கிறது.

வருங்கால வைப்பு நிதிக்கு நிர்வாகம் செலுத்தும் 12 விழுக்காட்டில் 8.33 விழுக்காடு, அதாவது 15,000 ரூபாய் ஊதிய உச்சவரம்பின்படி மாதம் 1,250 ரூபாய் வரை, ஓய்வூதிய நிதிக்குப் போகிறது. வைப்பு நிதியில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் வட்டியும் உண்டு. ஓய்வூதிய நிதியோ பொதுத் தொகுப்பு. ஒரே ஒரு மாதம் பங்களித்தவர் பணியிலிருக்கையில் இறந்தாலும் அவருடைய மனைவிக்கு அதிலிருந்து ஓய்வூதியம் கிடைக்கும் என்பதால், கட்டிய பணம் முழுவதும் வட்டியோடு திரும்ப வேண்டும் என்று வாதிடுவது எளிதன்று.

பத்தாண்டுக்கு முன் விலகுபவர் 10சி படிவத்தின் வழியே பெறும் தொகை, அவருடைய கடைசி ஊதியத்தைப் பணிக்காலத்துக்குரிய ஒரு காரணியால் பெருக்கிக் கணக்கிடப்படுவது. 15,000 ரூபாய் ஊதியத்தில் 2 ஆண்டு 5 மாதம் உழைத்தவரின் பெயரில் 36,250 ரூபாய் செலுத்தப்பட்டிருக்க, நிறைவுறாத ஆண்டின் மாதங்கள் கணக்கில் வராததால் முன்பு அவருக்குக் கிடைத்தது 29,850 ரூபாய்தான். 2024 ஜூன் திருத்தத்துக்குப் பின் அது 36,000 ஆயிற்று. ஆறு மாதம் நிறையாதவர்களுக்கு அதுவரை எதுவுமே இல்லை. 2023-24இல் மட்டும் அத்தகைய கோரிக்கைகள் சுமார் 7 லட்சம் நிராகரிக்கப்பட்டன என்று மத்திய அரசே சொன்னது.

பணத்தை எடுக்காமல், பணிக்காலத்தைப் பதிவு செய்யும் திட்டச் சான்றிதழைப் பெற்று, அடுத்த வேலையின் காலத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது வழக்கமான அறிவுரை. ஆனால் பத்தாண்டு நிறைந்ததும் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை போய்விடுகிறது. 15,000 ரூபாய் ஊதியத்தில் பத்தாண்டு முடித்து 32 வயதில் விலகுபவருக்கு 58 வயதில் கிடைப்பது மாதம் 2,143 ரூபாய். ஓய்வூதியம் கடைசி 60 மாத ஊதியத்தின் சராசரியில் உறைந்துவிடுவதால், இடைப்பட்ட 26 ஆண்டு விலைவாசி உயர்வு அதில் சேராது. ஆகவே எடுத்துவிடுபவரை அறியாதவர் என்று சொல்வது சரியன்று. எடுத்தால் வட்டி இல்லை, விட்டுவைத்தால் மதிப்பு இல்லை.

இந்நிலையில், விலகிய இரண்டு மாதத்தில் கிடைத்துவந்த 10சி தொகையை 36 மாதங்களுக்குப் பின்னரே தருவதென்று 2025 அக்டோபர் 13 அன்று வருங்கால வைப்பு நிதியின் மத்திய அறங்காவலர் வாரியம் முடிவெடுத்தது. தொழிலாளி பத்தாண்டை எட்டுவதற்கு வாய்ப்பளிக்கும் நோக்கம் நல்லதே. எனினும், எட்டியபின் கிடைக்கும் ஓய்வூதியத்தைச் சீராக்காமல் வாசலை மட்டும் அடைப்பது, ஒப்பந்தம் முடிந்து வருமானமின்றி நிற்பவரிடம் கட்டாயச் சேமிப்பைக் கோருவதாகும். பிரிட்டனில் இறுதி ஊதியத் திட்டத்திலிருந்து இடையில் விலகுபவரின் ஓய்வூதியம், ஓய்வு வயது வரை, சட்டம் வகுத்த உச்சவரம்புக்குள் விலைவாசிக்கேற்ப உயர்த்தப்படுகிறது. இங்கும் உறைந்த ஊதியத்தை அவ்வாறு மறுமதிப்பீடு செய்வதும், அதுவரை அந்த 36 மாதக் காத்திருப்புக்கு வட்டி சேர்ப்பதும் வாரியம் முதலில் செய்திருக்க வேண்டியவை.