மதுரைக் கல்யாணமும் மத்தியான வெயிலும்

வைகாசி பிறந்தால் மதுரையில் மேளச் சத்தம்தான். கூடவே வெயிலும்! நூறு டிகிரியைத் தாண்டுவது இந்த ஊருக்குச் சர்வ சாதாரணம். உள்ளூர்க்காரர்களுக்குப் பழகிவிட்டது. பெங்களூரிலிருந்து வந்த நாத்தனாரும், ஊட்டியிலிருந்து வந்த சித்தியும், கைக்குழந்தையோடு வந்த ஓரகத்தி மகளும் என்ன செய்வார்கள், பாவம்?

முகூர்த்தம் காலையிலேயே முடிந்துவிடும். வரவேற்பு மாலை ஏழு மணிக்கு. நடுப்பொழுதில் ஆண்கள் சீட்டுக்கட்டைப் பிரிப்பார்கள். இளவட்டங்கள் ஊர் சுற்றக் கிளம்பிவிடும். பாட்டிமார்களும் பிள்ளைக்காரிகளும் மட்டும் மண்டபத்து அறையில், ஒற்றை ஃபேனுக்குக் கீழே, பெட்டிகளுக்குக் காவல்! "மதுரை வரை வந்தும் ஒண்ணும் பார்க்கலையே" என்ற குறையோடு ராத்திரி ரயில் ஏறுவார்கள்.

இந்தக் குறை வராமல் செய்ய நம்மால் முடியும், சகோதரிகளே. சமையல்காரருக்குப் பட்டியல் எழுதும்போதே விருந்தாளிகளின் பகல் பொழுதுக்கும் ஒரு பட்டியல் எழுதிவிடுங்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று: பதினோரு மணி முதல் நாலு மணி வரை தலைக்கு மேல் கூரை இருக்க வேண்டும்.

முதல் நாளே வந்துவிட்டவர்களைக் காலை ஏழு மணிக்குள் மீனாட்சி அம்மன் கோயிலுக்கு அனுப்பிவிடுங்கள். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். உச்சி வெயிலில் வெறுங்காலோடு கல் தரையில் நடந்தால் பிள்ளைகளின் பாதம் பொரிந்துவிடும். ஆயிரங்கால் மண்டபத்தை மறக்காமல் பார்க்கச் சொல்லுங்கள். பெயர்தான் ஆயிரம், இருப்பவை 985 தூண்கள். எண்ணிப் பார்க்கச் சொன்னால் வாண்டுகள் கொஞ்ச நேரம் அடங்கி இருக்கும்! கைப்பேசிக்கு உள்ளே அனுமதி இல்லை. அதை மண்டபத்திலேயே வைத்துவிட்டுப் போகட்டும்.

நடுப்பகலுக்கு ஏற்றது தமுக்கத்தில் உள்ள காந்தி மியூசியம். ராணி மங்கம்மாளின் அரண்மனை அது, 1959-இல் மியூசியமானது. 1921 செப்டம்பரில் மதுரையில் தங்கியிருந்தபோதுதான் காந்தியடிகள் மற்ற உடைகளைத் துறந்து அரைத்துணிக்கு மாறினார். 1948 ஜனவரி 30 அன்று அவர் உடுத்தியிருந்த, இரத்தக் கறை படிந்த துணி இங்கே இருக்கிறது. படித்த பெண்ணானாலும் படிக்காத பாட்டியானாலும் அதன் முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிடுவார்கள்.

அங்கிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம் போனால் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலையில் திறந்தது. ஏ.சி. உண்டு, லிஃப்ட் உண்டு, குழந்தைகளுக்கென்று தனிப் பகுதியும் உண்டு. மாடி ஏற முடியாத மாமியாரையும் தைரியமாக அழைத்துப் போகலாம்.

திருமலை நாயக்கர் மகாலை மாலை நாலு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். 1636-இல் கட்டியது. இன்று நாம் பார்ப்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதிதான். அதற்கே கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும்! சுற்றிலும் மண்டபம் என்றாலும் நடு முற்றம் திறந்தவெளி. பகலில் அங்கே நிற்க முடியாது.

சில இடங்களுக்கு வார விடுமுறை இருக்கலாம். முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டம்மாவால் கூடப் போக முடியாது. காலேஜில் படிக்கிற அண்ணன் மகளிடம் பொறுப்பை ஒப்படையுங்கள். "அத்தை, நீங்க கவலைப்படாதீங்க, நான் பார்த்துக்கிறேன்" என்று உற்சாகமாகக் கிளம்புவாள்.

அவள் கையில் ஒரு பையும் கொடுத்தனுப்புங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீர், குடை, ஈரத் துண்டு, இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம். பொட்டலம் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்தால் போதும். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலையே அடிக்கடி கொடுக்கட்டும். ஜிகர்தண்டா ஆசை பெரியவர்களோடு நிற்கட்டும். எந்தத் தண்ணீரில் செய்த ஐஸோ, யார் கண்டார்கள்?

தலைசுற்றல், குமட்டல், அதிக வியர்வை என்றால் நிழலில் படுக்கவைத்துக் காற்று வீசி, சிறுகச் சிறுகக் குடிக்கக் கொடுங்கள். உடம்பு நெருப்பாய்க் கொதித்து, பேச்சுக் குழறினால் "வெயில் மயக்கம்தானே" என்று இருந்துவிடாதீர்கள். அப்போது வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. உடம்பெல்லாம் ஈரத் துணியால் ஒற்றிக்கொண்டே உடனே 108-ஐ அழையுங்கள். அது உயிருக்கே ஆபத்தான நிலை. குழந்தை ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

இத்தனைக்கும் செலவு என்ன? ஆட்டோக் கூலியும் ஒரு பை தண்ணீரும்தான். தாம்பூலப் பைக்குச் செய்கிற செலவில் கொஞ்சம் குறைத்தாலே போதுமே! உங்கள் ஊரிலும் இப்படி நிழலான இடங்கள் இருக்குமே, எழுதுங்களேன்.