எங்க முறை எப்போ?

பழவேற்காட்டு ஏரியில் முறைவைத்துப் பிரிப்பது பாடு. அதில் தலித்துக்கும் இருளருக்கும் இடமில்லை. தண்ணீரில் தடவி இறால் பிடிக்கிறவளுக்கு மிஞ்சியது வெறும் பாடுதான்.

கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்கும் முறை உண்டாம். முப்பது வயசிலிருந்து 5 வருஷத்துக்கொருமுறை, அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கணும் என்றது மத்திய அரசு, 2016இல். திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரேயொருமுறை பார்த்ததற்கே இந்த நோய்ச்சாவு 35 சதம் குறைந்ததை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பில், 30-49 வயதில் ஒருமுறையாவது சோதித்தவர்கள் தமிழ்நாட்டிலேயே பத்துக்கு ஒருத்திகூட இல்லை!

ஐந்து வருஷமா, பத்து வருஷமா என்பது அப்புறம். முதல் முறை எங்கே?

‘பொம்பளைங்க வெக்கப்படுறாங்க’ என்கிறீர்கள். வெக்கமில்லை அய்யா, ஒருநாள் கூலி. நான் வங்கி குமாஸ்தா. கடன் தவணை தப்பினா வீடுதேடி ஆள் போவுது. சோதனைத் தவணைக்கு யார் வர்றா? ஏரிக்கரைக்கு வாங்க!