சத்தம் ஏறுது... வேகம் ஏறலையே! 'பைக்'கை மாத்தும் பிள்ளைகள், மாட்டிக்கொள்ளும் அப்பாக்கள்

புதுக்கோட்டை,—

சாயங்காலம் ஆறு மணி. கீழ ராஜ வீதியில் கடைக்காரர்கள் விளக்குப் போடும் நேரம். 'டப்... டப்... டமார்!' தெருவே அதிர்கிறது. சாமான் வாங்க வந்த பாட்டி நெஞ்சைப் பிடித்துக் கொள்கிறார். வெடியா? இல்லை. பைக்!

கம்பெனி கொடுத்த சைலன்சரைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, வேறு ஒன்றை மாட்டிக்கொண்டு பறக்கிற இளவட்டங்கள் இப்போது எல்லா ஊரிலும் உண்டு. நம்ம ஊரும் விதிவிலக்கு அல்ல. "பிக்கப் பிரமாதமா ஏறியிருக்குண்ணே!" என்று சத்தியம் செய்வார்கள். ஏறியது பிக்கப்பா, வெறும் சத்தமா? கொஞ்சம் விசாரித்துப் பார்ப்போம்.

மாமா காலத்துக் கதை

சைலன்சரை மாற்றினால் வண்டி பறக்கும் என்ற நம்பிக்கை ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. அதற்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1985-ல் யமஹா ஆர்.எக்ஸ். 100 வந்தது. 98 சி.சி., 11 குதிரைத் திறன். அன்றைக்கு அது ராஜா! 1996-ல் உற்பத்தி நின்றும்கூட மவுசு போகவில்லை.

அது டூ-ஸ்ட்ரோக் வண்டி. அந்த ரக எஞ்சினில் சைலன்சர் வெறும் புகைக்குழாய் அல்ல. எரியாமல் வெளியே ஓடப் பார்க்கும் பெட்ரோல் கலவையைத் திருப்பி சிலிண்டருக்குள் தள்ளுகிற வேலையும் அதற்கு உண்டு. எனவே அதன் வடிவத்தைக் கணக்காக மாற்றினால் நிஜமாகவே வேகம் கூடும். கார்புரேட்டரில் ஜெட் மாற்றுவது, சிலிண்டரில் போர்ட் அறுப்பது எல்லாம் கைத்தேர்ந்த மெக்கானிக்கின் வித்தை. மாமா சொன்னது பொய்யில்லை. ஆனால் மருமகன் ஓட்டுவது அந்த வண்டி இல்லையே!

இது வேற வண்டி தம்பி!

இன்றைய யமஹா ஆர். 15 ஆகட்டும், டி.வி.எஸ். அப்பாச்சி ஆகட்டும், எல்லாம் ஃபோர்-ஸ்ட்ரோக். வால்வு திறந்து மூடி வேலை செய்பவை. 155 சி.சி. ஆர். 15 கம்பெனியிலிருந்து வரும்போதே 18 குதிரைத் திறனுக்கு மேல் தருகிறது. இருக்கிற சத்தைப் பெரும்பாலும் கம்பெனிக்காரனே பிழிந்து எடுத்துவிட்டான். சைலன்சரை மட்டும் மாற்றி, இந்த அளவு எஞ்சினில் ஒன்றிரண்டு குதிரைத் திறன் கூடினாலே பெரிய காரியம்.

இன்னொரு சங்கதி. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி அமலுக்கு வந்தது. பெட்ரோலை எவ்வளவு பீய்ச்சுவது என்று இப்போது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் அதற்குத் துப்புக் கொடுக்கிறது. நிதானமாகப் போகும்போது கம்ப்யூட்டர் சரிக்கட்டிக் கொள்ளும். ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகும்போது அது போட்டு வைத்த பழைய கணக்குப்படியே நடக்கும். ஃபில்டரையும் சைலன்சரையும் மாற்றியதால் காற்று கூடிப் போயிருக்கும். பெட்ரோல் அதே அளவு. விளைவு? எஞ்சின் கொதிக்கும். பிஸ்டனுக்கும் வால்வுக்கும் ஆபத்து.

அந்த 'டமார்' சத்தம்? அது பலத்தின் அடையாளம் அல்ல. எஞ்சினுக்குள் எரியாத பெட்ரோல் குழாய்க்குள் போய் வெடிப்பது! காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல், சக்கரத்தைச் சுற்றாமல் சத்தமாகப் போகிறது.

பல் குறைந்தால் என்ன ஆகும்?

சிலர் முன் ஸ்ப்ராக்கெட்டில் கை வைக்கிறார்கள். பதினான்கு பல் இருந்த இடத்தில் பதிமூன்று பல் போட்டால் இழுவை சுமார் ஏழெட்டு சதவீதம் கூடும். நிஜம்தான். ஆனால் எஞ்சின் அதே சுற்றுக்குச் சுற்றும்போது வேகம் அதே அளவு குறையும். மைலேஜும் அடிபடும். ஒரு பாக்கெட்டில் இருந்ததை எடுத்து இன்னொரு பாக்கெட்டில் போட்ட கதை!

ஆர்.சி. யார் பேரில்?

இப்போதுதான் விஷயமே வருகிறது. வண்டி ஓட்டுவது பிள்ளை. தவணை கட்டுவது அப்பா. பெரும்பாலான வீடுகளில் டி.என். 55 என்று ஆரம்பிக்கிற அந்த ஆர்.சி.யும் அப்பா பேரில்தான்!

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 என்ன சொல்கிறது? கம்பெனி குறித்துக் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை அடித்துச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டப்படி, விதிக்குப் புறம்பாக வண்டியை மாற்றினால் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கவனியுங்கள்: 'உரிமையாளருக்கு'! சத்தம், புகை விதியை மீறி ஓட்டினால் ஓட்டியவருக்கு முதல் தடவையே மூன்று மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. லைசென்சும் மூன்று மாதம் முடங்கும்.

பையனுக்குப் பதினெட்டு வயது ஆகவில்லையா? அப்போது கதையே வேறு. குற்றம் நடந்தால் பெற்றோருக்கு அல்லது உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

இன்சூரன்சும் இருக்கிறது. எஞ்சினை மாற்றிய விஷயத்தை மறைத்து வைத்திருந்தால், வண்டி நொறுங்கும்போது கிளெய்ம் மறுக்கப்பட இடம் உண்டு. வண்டியும் போச்சு, தவணையும் பாக்கி!

நிற்கத் தெரியணும்!

ஓடுவதைவிட நிற்பதுதான் பெரிசு. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கிற தூரம் நான்கு மடங்காகும். எண்பதில் போகும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் தாண்டும். கண் பார்த்து, கை பிரேக்கைத் தொடுவதற்குள் ஒரு டவுன் பஸ்ஸின் நீளத்துக்கு மேல் ஓடிவிடும். திருமயம் சாலையிலும், கோட்டைப்பட்டினம் வழியாகப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் ஆடு சொல்லிவிட்டா குறுக்கே வரும்?

நிஜமான ட்யூனிங் வேண்டுமா? அதே காசை இப்படிச் செலவழிக்கலாம்: நல்ல டயர், புது பிரேக் பேட். வாரம் ஒரு தடவை காற்று. செயினுக்கு எண்ணெய், சரியான தொய்வு. சுத்தமான ஏர் ஃபில்டர். நேரத்துக்கு எஞ்சின் ஆயில். கம்பெனி சொன்ன கிலோமீட்டரில் வால்வு இடைவெளி. இத்தனையும் ஒழுங்காகச் செய்தால், காணாமல் போன பிக்கப் தானே திரும்பி வரும். சட்டமும் கேள்வி கேட்காது.

பந்தயம் வேணுமா? வழி இருக்கு!

வேக ஆசை நம்ம மாவட்டத்துக்குப் புதிதல்ல. மாட்டு வண்டி எல்கைப் பந்தயம் பார்த்து வளர்ந்த ஊர் இது. ஆனால் அதற்கு ஓர் எல்கை உண்டு, நாள் உண்டு, வேடிக்கை பார்ப்பவர் ஒதுங்கி நிற்பார். ராஜ வீதியில் திருகுகிற ஆக்சிலேட்டருக்கு எல்கை ஏது?

பைக் பந்தயத்துக்கும் முறையான இடம் தமிழ்நாட்டிலேயே உண்டு. முன்பு சோழவரம் விமானத் தளத்தில் ஓடினார்கள். பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதையே வந்துவிட்டது. கோவை செட்டிப்பாளையத்தில் கரி ஸ்பீட்வே இருக்கிறது. அங்கே ஒரே கம்பெனியின் ஒரே ரக வண்டியில் எல்லோரும் ஓடுகிற பந்தயமும் நடக்கிறது. எல்லா வண்டிக்கும் ஒரே எஞ்சின், ஒரே சைலன்சர். ஜெயிப்பது யார்? வளைவில் எங்கே பிரேக் பிடிப்பது என்று தெரிந்தவன்!

திறமை சைலன்சரில் இல்லை. ஓட்டுகிறவன் கையில் இருக்கிறது.

ஆகவே, அப்பாக்களே! இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் பையனோடு சண்டை வேண்டாம். ஆர்.சி.யை எடுத்து யார் பேர் இருக்கிறது என்று அவனிடமே படிக்கச் சொல்லுங்கள். பரணில் கிடக்கும் பழைய சைலன்சர் நாளைக்கே கீழே இறங்கினாலும் ஆச்சரியமில்லை!