சுவிட்சில் விளக்கு எரிந்தால் போதுமா?

கம்ப்யூட்டரின் பவர் பட்டனை அழுத்துகிறீர்கள். கேபினட்டின் முன்புறம் பச்சை விளக்கு எரிகிறது. ஆனால் மானிட்டரில் ஒன்றும் வரவில்லை. ரேம் சரியாக உட்காராமல் இருக்கலாம். பச்சை விளக்குக்கு அது தெரியாது. மதர்போர்டுக்கு மின்சாரம் வந்துவிட்டது என்பதை மட்டும்தான் அது சொல்லும்.

கார்களிலும் இதே கதைதான். ஃபாக் லேம்ப், கூடுதல் ஹார்ன் என்று எதையாவது வாங்கிப் பொருத்தும்போது, உள்ளே விளக்கு எரியும் சுவிட்ச் ஒன்றையும் டேஷ்போர்டில் மாட்டிக் கொள்கிறார்கள். இரவில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பலர் அந்த அழகோடு நின்று விடுகிறார்கள். ரிலே கிடையாது, சில வண்டிகளில் பியூஸ்கூடக் கிடையாது. "சுவிட்சே 20 ஆம்பியர் தாங்கும் சார், ரிலே எதுக்கு?" என்று கடையில் சொல்வார்கள். இந்தப் பேச்சை ஏற்றுக் கொள்ளாதீர்கள் என்பதே என் கருத்து.

ஏன் என்று பார்ப்போம். 12 வோல்ட், 55 வாட்ஸ் ஹாலஜன் பல்பு ஒன்று சுமார் 4.6 ஆம்பியர் மின்சாரம் எடுக்கும். இரண்டு பல்புகளுக்கு 9.2 ஆம்பியர். 20 ஆம்பியர் சுவிட்சுக்கு இது சாதாரணம் என்று தோன்றும். ஆனால் குளிர்ந்திருக்கும் பல்பு, எரியத் தொடங்கும் அந்தக் கணத்தில் இதைப்போலப் பல மடங்கு இழுக்கும். ஒவ்வொரு முறையும் சுவிட்சின் உள்முனைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகும்.

இதைவிடப் பெரிய பிரச்சினை வயர். பேட்டரியிலிருந்து டேஷ்போர்டு வரை வந்து, திரும்பவும் பம்பருக்குப் போக வேண்டும். 4 மீட்டர் என்று வைத்துக் கொள்வோம். 0.5 சதுர மில்லிமீட்டர் மெல்லிய வயரைப் போட்டால், ஒரு வோல்ட்டுக்கும் மேல் வழியிலேயே காணாமல் போய்விடும். ஒரு வோல்ட்தானே என்று நினைக்காதீர்கள். ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால், வெளிச்சம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். காசு கொடுத்து விளக்கு வாங்கி, அதன் வெளிச்சத்தை வயருக்குக் கொடுக்கிறோம். வயரோ அதை வாங்கிக்கொண்டு சூடாகிறது, அதுவும் உங்கள் காலடியில்.

ரிலே இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. இதைப் புரிந்து கொள்ளவும் உங்கள் கம்ப்யூட்டரே உதவும். பழைய ஏடி கேபினட்டுகளில் 230 வோல்ட் வயர் நேராக முன்பக்கத்து சுவிட்சுக்கே வரும். 1995-ல் ஏடிஎக்ஸ் முறை வந்தபின், பட்டனிலிருந்து மதர்போர்டுக்கு இரண்டு மெல்லிய வயர்கள்தான் போகின்றன. பட்டன் செய்தி சொல்கிறது, வேலையை எஸ்எம்பிஎஸ் செய்கிறது. காரில் ரிலேவும் அப்படித்தான். டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகப் போவது பொதுவாக 0.2 ஆம்பியர் அளவுதான். அது ரிலேவில் உள்ள காயிலைக் காந்தமாக்கும். காந்தம் ஒரு தகட்டை இழுக்கும். பெரிய கரண்ட் அந்தத் தகட்டின் வழியே, பேட்டரியிலிருந்து குறுக்கு வழியில் விளக்குக்குப் போய்விடும். (கம்ப்யூட்டருக்கும் ரிலேவுக்கும் பழைய உறவு உண்டு. 1941-ல் ஜெர்மனியில் கொன்ராட் சூசே உருவாக்கிய இசட்-3 கம்ப்யூட்டர் முழுக்க ரிலேக்களால்தான் இயங்கியது.)

ரிலேவின் அடியில் எண்கள் இருக்கும். 30 பேட்டரிக்கு, 87 விளக்குக்கு. 85, 86 இரண்டும் காயிலுக்கு. ஒன்றில் சுவிட்ச் வயர், மற்றதில் எர்த். டயோடு உள்ள ரிலே என்றால் இந்த இரண்டையும் மாற்றிக் கொடுக்கக் கூடாது. மேலே அச்சடித்திருக்கும் படத்தைப் பாருங்கள்.

இப்போது சுவிட்சுக்கு வருவோம். விளக்கு உள்ள சாதாரண சுவிட்சில் மூன்று முனைகள் இருக்கும். ஒன்று மின்சாரம் வர, ஒன்று போக, மூன்றாவது எர்த். அந்த எர்த் உள்ளே இருக்கும் குட்டி விளக்குக்காக மட்டுமே. மின்சாரம் போகும் முனையில் தவறுதலாக எர்த் வயரை மாட்டினால், ஆன் செய்தவுடன் ஷார்ட் சர்க்யூட்தான். வருவதையும் போவதையும் மாற்றி மாட்டினால் வேறு விதமான தொல்லை. எல்லாம் வேலை செய்யும், ஆனால் ஆஃப் செய்தாலும் குட்டி விளக்கு எரிந்து கொண்டே இருந்து பேட்டரியைக் கரைக்கும். சுவிட்சுக்கான மின்சாரத்தை, சாவி போட்டால் மட்டும் உயிர் பெறும் வயரிலிருந்து எடுப்பது நல்லது.

பியூஸ் விஷயத்தில் மட்டும் சமரசமே கூடாது. பியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்றத்தான். அதனால் பேட்டரிக்கு மிக அருகிலேயே இருக்க வேண்டும். விளக்கின் பக்கத்தில் பியூஸை வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள், நடுவில் வயர் உரசித் தேய்ந்தால் என்ன ஆகும் என்று யோசிப்பதில்லை. நம் இரண்டு ஹாலஜன் விளக்குகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயரும், நீல நிற 15 ஆம்பியர் பியூஸும் பொருத்தம். அடிக்கடி போகிறதே என்று பச்சை நிற 30 ஆம்பியர் பியூஸைப் போட்டுவிடாதீர்கள். முதலில் வயரில் எங்கே கோளாறு என்று தேடுங்கள்.

எல்லாவற்றுக்கும் ரிலே வேண்டுமா? வேண்டாம். 36 வாட்ஸ் எல்இடி விளக்கு 3 ஆம்பியர்தான் எடுக்கும். நல்ல சுவிட்சும் பியூஸும் இருந்தால் போதும். அதேபோல, விளக்குகளைக் கம்ப்யூட்டரே கட்டுப்படுத்தும் புதிய கார்களில், கம்பெனி வயரை வெட்டி ஒட்டு போடும் வேலையே வேண்டாம். அங்கே கம்பெனி தரும் வயரிங் கிட் விலை கூடுதலாக இருந்தாலும் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். சுவிட்சை ஆன் செய்துவிட்டு, பேட்டரி அருகே உள்ள பெரிய பியூஸைக் கழற்றுங்கள். வெளி விளக்குகள் அணைந்துவிடும். சுவிட்ச் விளக்கு அப்போதும் எரிந்து கொண்டிருந்தால், அது காயிலுக்குப் போகும் மின்சாரத்தை மட்டுமே காட்டுகிறது. இது பிடிக்கவில்லையென்றால், குட்டி விளக்குக்குத் தனி முனை உள்ள சுவிட்சாகக் கேட்டு வாங்கி, அந்த முனையை ரிலேவின் 87-லிருந்து இணைக்கச் சொல்லுங்கள். அதிலும் பல்பு உடைந்து போனதைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு இறங்கிப் போய்த்தான் பார்க்க வேண்டும்.